பூச்சி அரிக்காத தொட்டில்பை

ஏப்ரல் கடைசியில், வடக்குப் பக்கத்து வயல்களில் பனி திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கும்போது, நோரீன் ஹால்டர்சன் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்க ஆரம்பிப்பாள். வெந்நீரில் கொஞ்சம் வினிகர், கணவனின் பழைய கம்பளிச் சட்டையைக் கிழித்த துணி, முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு மெத்தை. எல்ம்ரிட்ஜில் ரயில் நின்றுபோய் அறுபது வருடத்துக்குமேல் ஆகிவிட்டது. நிலையக் கட்டடத்தைத்தான் ஊர்க்காரர்கள் அருங்காட்சியகமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் சாவி முதலில் நோரீனின் மாமியார் ஆல்மாவிடம் இருந்தது. ஆல்மா படுக்கையில் விழுந்ததும் நோரீனிடம் வந்தது.

சாவியைக் கொடுத்த அன்று ஆல்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "ஒரு அந்துப்பூச்சி உள்ள வரக்கூடாது."

வந்ததில்லை. அதில் நோரீனுக்குப் பெருமை உண்டு. பக்கத்து ஊர் அருங்காட்சியகங்களில் கம்பளியும் தோலும் சல்லடையாகிக் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே ஒரு நூல் போனதில்லை.

இடது சுவர் முழுக்க முன்னோடிகள், கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். முதல் கலப்பை, பாலாடை பிரிக்கும் எந்திரம், நார்வேயிலிருந்து பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்த கல்யாண உடை. ஒவ்வொன்றின் கீழும் யார் கொண்டுவந்தது, எந்தப் பண்ணை, யாருக்குப் பிறந்த யார் என்று எழுதியிருக்கும். வலது மூலையில் 'பூர்வகுடிகள்' என்று ஒரு பலகை. அதன் கீழே முப்பத்திரண்டு பொருட்கள் இருந்தன. பெயர் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடமாகத் துடைத்தும் நோரீனின் கண்ணில் அது பட்டதில்லை. அழுக்கு தெரியும் கண்ணுக்கு இல்லாமை தெரிவதில்லை.

அந்த வியாழக்கிழமை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர்கள் டெல்ஃபின் ஒகெமாவும் அவள் அப்பா எஃப்ரெமும். டெல்ஃபின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நோரீனின் பேரப்பிள்ளைகளும் அவள் வண்டியில்தான் போய்வந்தார்கள். ஊருக்குப் பதினாறு கிலோமீட்டர் வடக்கே, பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய ரிசர்வில் வீடு. க்ரீ இனக் குடும்பம். மேலங்கியின் பொத்தான்கள் வயிற்றின் மேல் பூட்டாமல் விரிந்து நின்றன. ஏழாவது மாதம்.

"திறக்க இன்னும் மூணு வாரம் இருக்கே டெல்ஃபின்."

"தெரியும். கூட்டம் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன். இவரை நாலு பேர் நடுவுல கூட்டிட்டு வந்தா என் மானம் போயிடும்."

"பழைய சாமான் எடுத்துக்கறாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க," என்றார் எஃப்ரெம். "என்னை இங்க இறக்கி விட்டுட்டு ஓடப் பாக்கறா. எந்தப் பெட்டி காலியா இருக்கு, சொல்லுங்க. ஜன்னல் பக்கமா இருந்தா நல்லாயிருக்கும்."

நோரீன் சிரித்தாள். அவரை அவள் கடைத்தெருவில் பார்த்திருக்கிறாள்; பேசியது இதுதான் முதல் தடவை. தன் வயதுதான் இருக்கும், இரண்டு வருடம் முன்பின்னாக.

அவர்கள் நான்காவது பெட்டிக்கு முன் போய் நின்றார்கள். உள்ளே ஒரு தொட்டில்பை. புகையூட்டிப் பதப்படுத்திய மான்தோல், மேலே கறுப்பு வெல்வெட், அதில் மணிகள் கோத்துத் தைத்த நீலப் பூக்கள். குழந்தையை உள்ளே கிடத்தி, சுற்றிலும் காய்ந்த பாசியை மெத்தென்று அடைத்து, முன்பக்கம் வாரால் கட்டிவிடுவார்கள். முகம் மட்டும் வெளியே தெரியும்.

எஃப்ரெம் கண்ணாடியில் மூக்குப் படும்படி குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது இல்லம்மா," என்றார்.

"அப்பா, நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். எங்கம்மா எதைச் செஞ்சாலும் ஒரு மணிய வேணும்னே தப்பாக் கோப்பாங்க. எல்லாம் சரியா இருக்கறது மனுஷன் கை வேலை இல்லைன்னு சொல்லுவாங்க. எங்களுதுல நீலப் பூ நடுவுல ஒரு மஞ்சள் மணி இருக்கும். வீட்டுல தொங்கிட்டிருக்கும்போது நான் அதை நோண்டி நோண்டி அடி வாங்கியிருக்கேன். இதுல எல்லாம் நீலம். யாரோ ரொம்பக் கெட்டிக்காரி செஞ்சது."

டெல்ஃபினின் கை தானாக வயிற்றின் அடிப்பக்கத்துக்குப் போனது. அவளுக்கு இரண்டு முறை கலைந்தது ஊருக்கே தெரியும். இரண்டாவது முறை ஒரு மாதம் வேறொருவர் பேருந்து ஓட்டினார். பிள்ளைகள் வீட்டில் வந்து சொன்னார்கள்.

நோரீன் நேராக அட்டைகள் இருக்கும் இழுப்பறைக்குப் போனாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. அந்த ஒழுங்கு ஆல்மா ஏற்படுத்தியது. தொட்டில்பையின் அட்டையை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"'செவ்விந்தியத் தொட்டில்பை. ஆல்மா ஹால்டர்சனின் அன்பளிப்பு, 1961. செய்தவர்: தெரியவில்லை.'" அடுத்த வரிக்கு வந்தபோது அவள் குரல் இறங்கியது. "'நீலப் பூவின் நடுவில் நிறம் தவறிய மணி ஒன்று இருந்தது. சரிசெய்யப்பட்டது.'"

எஃப்ரெம் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தபோது அது சிரிப்பாக இல்லை.

"எங்கம்மாவோட தப்பைத் திருத்திட்டாங்க," என்றார். "ஆல்மா ஹால்டர்சன். தெரியாம என்ன. எங்கம்மா அவங்க வீட்டுல வாரத்துல ரெண்டு நாள் துணி துவைச்சாங்க. மதில்ட்ன்னு பேரு. அரசாங்கம் எங்க பிள்ளைங்களையெல்லாம் தூர ஸ்கூல்ல அடைச்சப்ப, கடைசிப் பிள்ளையா என்னையும் கொண்டுபோயிட்டாங்க. வீட்டுல ஒரு பிள்ளை இல்ல, பை மட்டும் தொங்குது. பாக்க முடியல, பிள்ளைங்க வர வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும்னு குடுத்துட்டு வந்தாங்களாம். நான் திரும்பி வரும்போது எனக்குப் பதினஞ்சு வயசு. அம்மா போய்க் கேட்டாங்க. அது இப்ப மியூசியத்துல இருக்கு, ரொம்பப் பத்திரமா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

செய்தவர்: தெரியவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தன் சமையலறையில் நின்றவளைப் பற்றி ஆல்மா எழுதிய வரி. நோரீனுக்கு மாமியார்மேல் முதல்முறையாக ஒரு கூச்சம் வந்தது. அந்தக் கூச்சத்தோடு அவள் அட்டையைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் ஆண்டுகள் வரிசையாக இருந்தன. 'பொடி போட்டது' என்று தலைப்பு. முதலில் ஆல்மாவின் சாய்ந்த எழுத்து. பாதிக்குமேல் நோரீனின் உருண்டை எழுத்து.

"பின்னாடி ஏதாவது போட்டிருக்கா?" என்று கேட்டாள் டெல்ஃபின்.

"துடைச்ச தேதிதான்," என்றாள் நோரீன். அட்டையை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"நான் சுத்தி வளைக்கலை, நோரீன். ஜூன்ல எனக்குப் பிறக்கப்போவுது. எங்கப்பா இதுல கிடந்தாரு, அவரோட அக்கா அண்ணன் எல்லாரும் கிடந்தாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒரு பிள்ளையும் கிடக்கல, நான் உட்பட. என் பிள்ளை இதுல படுக்கணும். மியூசியக் குழுவுல கேட்டுச் சொல்லுங்க."

"நான் பேசறேன்," என்றாள் நோரீன். உண்மையாகவே சொன்னாள்.

அந்தப் பொடி இரண்டு வகை. முதல் டப்பா, பறவைகளைப் பாடம்செய்து விற்ற ஆல்மாவின் அண்ணன் கொடுத்தது. அதில் பாஷாணம் கலந்திருந்தது. அடுத்தது கூட்டுறவுக் கடையில் வாங்கிய பூச்சிக்கொல்லி. கடையில் அதை விற்பதை நிறுத்திய பிறகும் டப்பாவில் இருந்தது. இருந்ததை வீணாக்குகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் நோரீன் சிறு சல்லடையால் உள்ளும் புறமும் தூவி, தூரிகையால் மடிப்புகளுக்குள் தள்ளிவிடுவாள். நகரத்திலிருந்து வந்த ஓர் ஆலோசகர் டப்பாவைப் பார்த்து முகம் வெளுத்து, இனித் தொடவேண்டாம் என்று சொன்னபோது 1994. நோரீன் அன்றே நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் இருப்பதை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தாள். அந்தப் பொருளுக்கு இனி ஒரு குழந்தையே வராது என்று தான் முடிவுகட்டியிருந்தது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் நகரத்துக்குப் போன் செய்தாள். ஆலோசகர் ஓய்வுபெற்றிருந்தார். அவர் இடத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். கழுவினால் போகுமா என்று நோரீன் கேட்டாள்.

"கழுவினா இன்னும் உள்ளதான் இறங்கும். தோல் குடிச்சிருக்கும். பெரியவங்களே கையுறை போட்டுத்தான் எடுக்கணும். யாருக்காவது குடுக்கறதா இருந்தா முன்னாலயே சொல்லிடுங்க. குழந்தை இருக்கற வீட்டுல பிரிச்சு வைக்கவே வேண்டாம்."

குழுக் கூட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. ஐந்து பேர். தலைவர் ஆர்வில், தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இன்றைக்கு ஒன்று கேட்பார்கள், நாளைக்கு மூலையையே காலிசெய்யச் சொல்வார்கள் என்று ஒருவர் சொன்னார். நோரீன் எழுந்து நின்று பேசினாள். மதில்டைப் பற்றிச் சொன்னாள், மஞ்சள் மணியைப் பற்றிச் சொன்னாள். தன் மாமியார் செய்தது தவறு என்று ஊர் மனிதர்கள் முன்னால் சொல்வது அவளுக்கு லேசாக இல்லை. ஆனாலும் சொன்னாள். கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மனதின் ஒரு மூலை, இவர்கள் மறுத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று காத்துக்கொண்டிருந்தது. மறுத்திருந்தால் அட்டையைத் திருப்பவேண்டி வராது. மாமியாரின் தவறைச் சொல்ல இருந்த தைரியம் தன் தவறிடம் வந்ததும் எங்கே போனது என்று வீட்டுக்கு வரும் வழியில் நினைத்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தாள். அடுத்த இரண்டரை வாரமும் அப்படியே படுத்தாள்.

இடையில் ஒரு நாள் டெல்ஃபின் பேருந்தை வாசலில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"பாசி தயாரா இருக்கு. போன அக்டோபர்லயே சதுப்புல பறிச்சு, குச்சி பொறுக்கி, காய வச்சு மூட்டை கட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா இதுவும் நிக்காதோன்னு பயம். எங்கப்பா தினமும் மூட்டையைத் தடவிப் பாக்கறாரு. நாய்க்குட்டின்னு நெனப்பு."

"உடம்பைப் பாத்துக்கோ," என்றாள் நோரீன்.

"நீங்க எங்களுக்காகப் பேசினீங்கன்னு ஆர்வில் சொன்னாரு. மறக்கமாட்டேன்."

பேருந்து போன பிறகும் நோரீன் வாசலிலேயே நின்றாள். நன்றியை வாங்கிக்கொண்ட கையோடு எப்படி உள்ளே போவது என்று தெரியவில்லை.

கொடுக்கும் நாள் அருங்காட்சியகம் திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஆர்வில் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். மேசைமேல் காபியும் ருபார்ப் கேக்கும் இருந்தன. டெல்ஃபின் நீண்ட பூப்போட்ட பாவாடை அணிந்து வந்தாள். எஃப்ரெம் சலவைச் சட்டையில் இருந்தார்.

"என்னைக் குளிக்க வச்சுட்டா," என்றார். "செவ்வாய்க்கிழமைதான் குளிச்சேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

நோரீன் பெட்டியைத் திறந்தாள். அவள் சட்டைப்பையில் ரப்பர் கையுறைகள் இருந்தன. போட்டுக்கொண்டால் கேள்வி வரும் என்று போடவில்லை. கண்ணாடிக் கதவு விலகியதும் அடைத்துக்கிடந்த வாடை வெளியே வந்தது. எஃப்ரெமின் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. டெல்ஃபின் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரியே, பையின் அடியில் கொடுத்தாள். அவள் முகம் அதை நோக்கிக் குனிந்தது. முகரப்போகிறாள் என்று நோரீனுக்குத் தெரிந்தது.

அவள் டெல்ஃபினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாத."

காபி ஊற்றிக்கொண்டிருந்த ஆர்வில் அப்படியே நின்றார். டெல்ஃபின் தன் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு நோரீனைப் பார்த்தாள்.

"இன்னும் உங்களுதுன்னுதான் நெனைக்கறீங்க, இல்ல?"

"அது இல்ல டெல்ஃபின். கையைக் கழுவு. முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வா. அதுல விஷம் இருக்கு. நான்தான் போட்டேன்."

இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து, இந்த முறை பின்பக்கத்தை வாசித்தாள். ஒவ்வொரு வருடமாக வாசித்தாள். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் கடைசி வருடம்வரை வாசித்தாள். நகரத்துப் பெண் போனில் சொன்னதையும் சொன்னாள்.

கழிப்பறையில் தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. டெல்ஃபின் ஈரக் கையோடு திரும்பி வந்து, மேசைக்கு எட்ட நின்றாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட எப்பப் பேசினீங்க?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாள்."

"மூணு வாரம்." அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன். தோல் வாங்கி வேற ஒண்ணு தைக்க ஆரம்பிச்சிருப்பேன். இத்தனை வருஷப் பொடி தெரியாமப் போட்டது, சரி. இந்த மூணு வாரம் உங்க மாமியார் செஞ்சதில்ல, நோரீன். தெரிஞ்சு நீங்க செஞ்சது. நான் உங்களுக்கு நன்றி வேற சொன்னேன்."

நோரீனால் அவளைப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

எஃப்ரெம் பெட்டியின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். தொடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவைத் திறந்ததுமே தெரிஞ்சுது," என்றார். "எனக்கு ஆறு வயசு. ஸ்கூல்ல முதல் நாள். முடிய வெட்டிட்டு வரிசையா நிக்க வச்சாங்க. ஒருத்தர் டப்பாவோட வந்து, கண்ணை மூடிக்கோன்னு சொல்லிட்டுத் தலையில, கழுத்துல, சட்டைக்குள்ள எல்லாம் வெள்ளைப் பொடியக் கொட்டினாரு. பேன் வராமப் பாதுகாக்கறோம்னாங்க. இதே வாடை." பிடரியைத் தடவிக்கொண்டார். "பிள்ளைய ஒரு இடத்துல வச்சாங்க, பைய ஒரு இடத்துல வச்சாங்க. ரெண்டுக்கும் ஒரே பொடி."

அதன்பிறகு அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

"அப்பா, வா. போகலாம். அது இங்கயே கிடக்கட்டும்," என்றாள் டெல்ஃபின்.

"இங்க விட்டுட்டு வரமாட்டேன்."

"வீட்டுல குழந்தை வரப்போவுதுப்பா."

"கொட்டகையில வச்சுக்கறேன். பிரிக்கமாட்டேன், தொடமாட்டேன். நானும் அந்த ஸ்கூல்லேருந்து நல்லபடியாத் திரும்பி வரல, டெல்ஃபின். குடிச்சேன், எங்கம்மாவ அடிக்கக் கை ஓங்கினேன். அவங்க என்னை வேண்டாம்னு சொல்லல."

நோரீன் கையுறை போட்டுக்கொண்டு தொட்டில்பையைக் கனமான பிளாஸ்டிக் உறையில் வைத்து, ஓரத்தை மடித்து மடித்து ஒட்டினாள். இன்னொரு உறை, அதற்குமேல் இன்னொன்று. மூன்று உறைகளுக்குள்ளும் நீலப் பூக்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு மணி உதிரவில்லை, ஒரு நூல் அரிக்கப்படவில்லை. அவள் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகக் காப்பாற்றிய பொருள் வேறு இல்லை.

வெளியே, அவர்கள் வந்த சின்ன லாரியின் திறந்த பின்பக்கத்தில் வைக்கச் சொன்னாள் டெல்ஃபின். எஃப்ரெமும் பின்பக்கமே ஏறி உட்கார்ந்துகொண்டார். மே மாதக் காற்று இன்னும் குளிராகத்தான் இருந்தது. டெல்ஃபின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் இருந்தாள். பிறகு மெதுவாக, மேடு பள்ளம் பார்த்து, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி ஓட்டிப் போனாள். பின்னால் எஃப்ரெம் அந்த உறை உருண்டுவிடாதபடி இரண்டு பூட்ஸ் கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.

ஆர்வில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். யாரும் தொடாத கேக்கை மூடி வைத்தார்.

"நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, நோரீன். எல்லாம் நல்ல எண்ணத்துலதானே செஞ்சோம். நாம எடுத்து வைக்கலைன்னா அது என்னைக்கோ மக்கிப் போயிருக்கும்."

"மக்கியிருக்கும்," என்றாள் நோரீன். "பத்துப் பிள்ளைங்க அதுல படுத்து, மூத்திரம் போயி, வாரு அறுந்து, வேற வாரு போட்டு, அப்புறம் மக்கியிருக்கும். அதுக்குள்ள இன்னொண்ணு தைச்சிருப்பாங்க. அதுக்காகத்தான் அதைச் செஞ்சாங்க, ஆர்வில். மதில்ட் எங்க மாமியாரோட சமையலறையிலயே நின்னாங்க. இதை எப்படி வச்சுக்கணும்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் பதினாறு கிலோமீட்டர் போய்க் கேக்கல. அடுத்தவங்களோடதை அவங்களைக் கேக்காம எடுத்து வச்சுக்கிட்டு, காப்பாத்தறோம்னு பேரு வச்சோம். கேக்காமக் காப்பாத்தறதும் பறிக்கறதுதான்."

அவள் இழுப்பறையிலிருந்து வலது மூலையின் மற்ற முப்பத்தொரு அட்டைகளையும் எடுத்து ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கினாள். மேலங்கியை மாட்டிக்கொண்டாள். ஆர்வில் வாசலை மறித்த மாதிரி நின்றார்.

"இன்னைக்கேவா? இப்ப இருக்கற கோபத்துல ரிசர்வுல யாரும் உங்களுக்குக் கதவைத் திறக்கமாட்டாங்க."

"திறக்காம இருக்கறது அவங்க உரிமை," என்றாள் நோரீன். "கேக்காம இருக்கத்தான் நமக்கு உரிமை கிடையாது."